மாரி கழிந்து வீதிக்கு வரும் மோட்டார் சைக்கிள்

தைப்பொங்கல் கழிந்து, மழை மெல்ல ஒதுங்கி, வயல்களில் நெற்கதிர் சாய்ந்து மஞ்சளாகும் நாட்களில் எமது கிராமங்களில் ஒரு சத்தம் மீண்டும் கேட்கத் தொடங்குகின்றது. கொட்டிலின் மூலையில் சாக்கினால் மூடி வைக்கப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்கள் வெளியே இழுக்கப்படுகின்றன. உதைத்து உதைத்துக் கால் சலித்துப் போகும் வேளையில் எஞ்சின் இருமிக்கொண்டு இயங்குகின்றது. வீட்டார் மகிழ்கின்றனர். அடுத்த நிமிடமே வண்டி வீதிக்குப் போய்விடுகின்றது. இந்த அடுத்த நிமிடத்தைப் பற்றியே சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகின்றோம்.

வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வாழும் மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளல்ல என்பது யாவரும் அறிந்ததே. பால் கொண்டு போவது அதிலேதான். மீன் வியாபாரி வருவது அதிலேதான். வயலுக்கு உரப்பையும், பிள்ளையைப் பாடசாலைக்கும், காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போவது அதிலேதான். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. பேருந்து நாளுக்கு இரண்டு தடவை மட்டும் வந்து போகும் ஒரு குடியேற்றத் திட்டத்தில் இந்த இரண்டு சில்லு வாகனம் இல்லாவிட்டால் வாழ்க்கையே நின்றுவிடும்.

அதே மோட்டார் சைக்கிள்தான் எமது குடும்பங்களை அதிகமாக அழிக்கும் வாகனமாகவும் இருக்கின்றது. அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டு வீதிகளில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பிக் கை கால் இழந்தவர்களின் தொகை இதிலும் அதிகம். யுத்தம் 2009 இல் முடிவடைந்தது. ஆனால் எமது கிராமங்களில் உழைக்கும் வயதினரின் சவப்பெட்டிகள் வருவது நிற்கவில்லை. அவை இப்போது வீதியிலிருந்து வருகின்றன.

மாரிகால ஓய்வு

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மழையில் எமது ஒழுங்கைகள் சேறாகின்றன. குளங்களின் வான் பாய்கின்றது. தாம்போதிகளுக்கு மேலால் வெள்ளம் ஓடுகின்றது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் வடக்கையும் கிழக்கையும் மூழ்கடித்த வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களில் வீதிகளையும் பாலங்களையும் உடைத்ததையும் நாம் மறக்கவில்லை. இத்தகைய மாதங்களில் உள்ளூர் ஒழுங்கைகளில் வாழ்பவர் பலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் துவிச்சக்கர வண்டியிலும் உழவு இயந்திரத்திலும் நடந்தும் போய் வருகின்றனர். இரண்டு மாதம், சில வீடுகளில் மூன்று மாதம், வண்டி அசையாமல் நிற்கின்றது.

இதனை ஒத்த நிலை குளிர் நாடுகளிலும் உண்டு. அங்கு பனிக்காலம் முழுவதும் மோட்டார் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு வசந்தத்தில் எடுப்பார்கள். அந்த முதற்சில வாரங்களே அபாயமானவை என்று அந்நாடுகளில் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றனர். காரணங்கள் மூன்று. நின்ற இயந்திரம் பழுதடைந்திருக்கும். ஓட்டாதிருந்தவரின் கையும் கண்ணும் பழக்கம் குறைந்திருக்கும். பனிக்குப் போட்ட மணலும் வெடித்த தாரும் வீதியில் கிடக்கும். எங்கள் ஊரில் பனி இல்லை, மாரி இருக்கின்றது. மூன்று காரணங்களும் இங்கும் அப்படியே பொருந்துகின்றன. அங்கே எச்சரிப்பதற்கு ஆட்கள் இருக்கின்றார்கள். இங்கே எவரும் இல்லை என்பதே வேறுபாடு.

ஒரு வீட்டில் நடந்தது

சில வருடங்களுக்கு முன்னர் நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதனை எழுத முடியாது. கணவர் கமக்காரர். மனைவி அவ்வூர் மாதர் சங்கத்தின் பொருளாளர். மாரி முடிந்து மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தவர் சந்தியிலுள்ள கராஜுக்குக் காற்றடிக்கப் போனார். கராஜ்காரத் தம்பி பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, பின் ரயர் வழுவழுத்துப் போட்டுது. பிறேக்கும் பிடிக்குதில்லை. இண்டைக்கு விட்டிட்டுப் போங்கோ, பாத்துத் தாறன்."

"வெட்டு முடியட்டும் தம்பி. நாளைக்கு மெசின் வருகுது."

மறுநாள் மதியம் வயலில் நிற்பவர்களுக்குச் சோறு கொண்டு கணவனும் மனைவியும் போனார்கள். வளைவுக்கு அப்பால் வீதியில் நெல் காயப்போடப்பட்டிருந்தது. கண்டதும் பிறேக்கை மிதித்தார். முதலில் பிடிக்கவில்லை, இன்னும் அழுத்தி மிதித்தபோது ஒரேயடியாகப் பிடித்தது. வழுவழுத்த பின் ரயர் நெல்லின் மேல் வழுக்கி வண்டி சரிந்தது. கணவரின் தலையில் கவசம் இருந்தது. மனைவியின் தலையில் இல்லை. வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அந்தச் சகோதரி உயிருடன் இருக்கின்றார். அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம். ஆனால் ஒன்பது ஆண்டுகள் ஒரு சதம் பிசகாமல் சங்கக் கணக்கை எழுதிய அவர், இன்று கடையில் மிச்சக்காசை எண்ணுவதற்கு மகளின் கையை எதிர்பார்க்கின்றார். அந்த மோட்டார் சைக்கிள் எம்மைப் போன்றவர்கள் வழங்கிய சுழற்சிக் கடனில் வாங்கப்பட்டது. கடன் படிவத்தை நிரப்பியவர் எமது பணியாளர்களுள் ஒருவர். வண்டியின் விலை, மாதத் தவணை, பிணையாளர் இருவரின் கையொப்பம் எல்லாம் அதில் இருந்தன. தலைக்கவசம் என்ற சொல் எங்குமே இருக்கவில்லை. ஆகவே நாம் எழுதுவது பிறருக்குப் புத்தி சொல்வதற்காக மட்டுமல்ல.

நின்ற வண்டிக்கு என்ன நேர்கின்றது?

நிற்கும் வண்டி பழுதடையாது என்பது எம்மவர் பலரின் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. தாங்கியிலும் காபரேற்றரிலும் தேங்கி நிற்கும் பெற்றோலில் இலகுவாக ஆவியாகும் பகுதி போய்விட, பிசின் போன்ற கசடு மிஞ்சி நுண்ணிய துவாரங்களை அடைக்கின்றது. பாதி நிரம்பிய தாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கித் துருவை உண்டாக்குகின்றது. பற்றரி தானாகவே வலுவிழக்கின்றது. செயினும் பிறேக் கேபிளும் துருவேறுகின்றன. காற்று வடிகட்டியினுள் எலி கூடு கட்டும். சைலன்சர் வாயில் குளவி மண் வைக்கும். ரயரின் காற்று இறங்குவதோடு ஒரே இடத்தில் பாரம் அழுத்தி இறப்பர் வெடிக்கின்றது.

ஆகவே மாரி கழிந்து வண்டியை எடுப்பவர் எஞ்சினைக் கவனிக்குமுன் பிறேக்கைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் இயங்காத வண்டி எவரையும் கொல்வதில்லை. நிற்காத வண்டியே கொல்கின்றது. முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சில்லு நிற்காவிட்டாலோ, விட்ட பின்பும் இறுகியே நின்றாலோ வீதிக்குப் போகக் கூடாது. டிரம் பிறேக்கினுள் துருவும் சேறும் இருந்தால் கழற்றித் துடைத்துச் சப்பாத்துக்களின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். டிஸ்க் பிறேக் உள்ள வண்டியில் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு வருடங்களுக்கு ஒரு முறையாவது அதனை மாற்றுதல் நன்று.

அடுத்தது ரயர். வெட்டுக்கள் தேய்ந்து வழுவழுத்த ரயர் காய்ந்த தாரில் ஓடலாம். மணலிலும் நெல்லிலும் ஈரத்திலும் அது நிற்காது. ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரத்தையும் பின் இரண்டும் வருடத்தையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். வெட்டு இருந்தாலும் பக்கம் வெடித்த பழைய ரயரை நம்பக் கூடாது. காற்றின் அளவு வண்டியிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கும். பின்னால் ஒருவர் ஏறும்போது பின் ரயருக்கு வேண்டிய அளவு கூடுதல் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். விரலால் அமத்திப் பார்த்துச் சரி என்று சொல்வது போதாது.

பின்னர் விளக்குகள். முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிறேக் பிடிக்கையில் எரியும் விளக்கு, திரும்பும் விளக்கு, ஹோர்ன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதன் பின்பே செயினுக்கு எண்ணெய், பிளக், பழைய பெற்றோலை இறக்கிப் புதியது விடுதல் என்பன.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஒரு விசேட எச்சரிக்கை உண்டு. அதனை உதைத்து இயக்க முயலவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் உதைக்கும்போது உள்ளே உடைவு ஏற்படும். முதலில் ஒயிலை இறக்கிப் பாருங்கள். அது பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பதே பொருள். பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றிய பின்பே இயக்கலாம். தெரியாவிட்டால் தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போவது மலிவானது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இதனால் எமது கிராமங்களில் ஓடும் வண்டிகளில் அநேகமானவை பழையவை. கை மாறிக் கை மாறி வந்தவை. 2022 இல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்திப் பின் எடுத்த வண்டிகள் எத்தனை கராஜ்களில் வரிசையில் நின்றன என்பதையும் கண்டோம். பழைய வண்டிக்கே கூடுதல் பராமரிப்பு வேண்டும். நாமோ பழையதுதானே என்று குறைவாகவே பார்க்கின்றோம்.

துருப்பிடித்த கை

வண்டியைத் திருத்தினால் மட்டும் போதுமா? போதாது. இரண்டு மாதம் ஓட்டாதவரின் கையும் காலும் மறந்திருக்கும். வண்டி ஓட்டத் தெரியும் என்பது வேறு. இடர் வரும் அந்த ஒரு கணத்தில் சிந்திக்காமலே கை சரியாக இயங்குவது வேறு. பின்னது பழக்கத்தினால் மட்டுமே நிற்பது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 11 மீற்றர் ஓடுகின்றது. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகின்றது. மாடு குறுக்கே வருவதைக் கண் கண்டு கை பிறேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் எடுத்தால், 60 இல் போகிறவர் பிறேக் பிடிக்குமுன்பே 25 மீற்றர் போய்விடுவார். அதன் பின்பே வண்டி நிற்கத் தொடங்கும். நிற்பதற்கு வேண்டிய தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. வேகம் ஒன்றரை மடங்கானால் அத்தூரம் இரண்டேகால் மடங்காகும். பழக்கம் குறைந்தவருக்கு அரைச் செக்கன் கூடுதலாக எடுத்தால் இன்னும் எட்டு மீற்றர். ஒரு மாட்டுக்கும் மனிதருக்கும் இடையில் அந்த எட்டு மீற்றரே எல்லாமாகும்.

எம்மவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. முன் பிறேக்கைப் பிடித்தால் தலைகீழாக விழுவோம் என்ற பயத்தில் பின் பிறேக்கை மட்டுமே மிதிக்கின்றனர். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்கு வருவதால் நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன் பிறேக்கிலேயே இருக்கின்றது. இரண்டையும் சேர்த்து, முதலில் மெதுவாகவும் பின் படிப்படியாக இறுக்கியும் பிடிக்கப் பழக வேண்டும். மணலிலும் நெல்லிலும் முன் பிறேக்கைத் திடீரென இறுக்குவது ஆபத்து. அங்கு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுவதே வழி.

பாடசாலை விடுமுறை நாளொன்றில் அதிபரிடம் அனுமதி பெற்று விளையாட்டு மைதானத்தில் அரை மணி நேரம் தனியே ஓட்டிப் பாருங்கள். மெதுவாகத் திருப்புங்கள். 30 இல் வந்து நிறுத்திப் பாருங்கள். முதற்கிழமை பகலில் மட்டும், தெரிந்த வீதியில் மட்டும், பின்னால் ஆளோ மூட்டையோ இல்லாமல் ஓட்டுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. மாரி முடிந்து உழவு மாட்டைக்கூட முதல்நாளே முழு நாளும் நுகத்தில் பூட்டுவதில்லையே.

மாறியிருக்கும் வீதி

புரட்டாதியில் கடைசியாக ஓட்டிய வீதியல்ல மாசியில் இருப்பது. வீதி ஓரத்தை வெள்ளம் அரித்துத் தாரின் கரை ஓர் அடி உயரத்தில் தொங்கி நிற்கும். மதகுகளுக்குப் பக்கத்தில் மண் உள்வாங்கியிருக்கும். கிரவல் ஒழுங்கை தார் வீதியில் ஏறும் இடமெல்லாம் மணலும் சிறு கல்லும் பரவிக் கிடக்கும். குழிகளில் தேங்கிய நீர் ஆழத்தை மறைக்கும். தாம்போதியில் பாசி படிந்திருக்கும். நீர் ஓடும் தாம்போதியைக் கடக்கத் துணிவது பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துச் சென்று, அதில் ஏற்றப்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். உழவு இயந்திரத்தை விடாத நீர் மோட்டார் சைக்கிளையா விடும்?

அறுவடைக் காலம் வேறு அபாயங்களையும் கொண்டு வருகின்றது. பின் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் இரவில் நெல்லேற்றிப் போகின்றன. வெட்டு மெசின் வீதி முழுவதையும் அடைத்து வருகின்றது. வயல் வெட்டி முடிந்ததும் கட்டாக்காலி மாடுகள் இரவில் சூடான தார் வீதியில் படுக்கின்றன. இவற்றுள் எதுவும் புதிதல்ல. ஆனால் மாரி முழுவதும் வண்டி எடுக்காதவரின் கண்ணுக்கு இவை புதிதாகவே இருக்கும்.

வீதியில் காயும் நெல்

இங்கு ஒரு விடயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. வீதியில் நெல் காயப்போடுவது குற்றம் என்று நகரத்திலிருந்து வருபவர் இலகுவாகக் கூறிவிடுவர். மெசினில் வெட்டிய நெல்லில் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் மேல் இருப்பது வழக்கம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீதத்துக்கு உட்பட்ட நெல்லையே கேட்கின்றது. ஈர நெல்லாக விற்றால் வியாபாரி விலையைக் குறைக்கின்றார். ஏழை விவசாயிக்குக் களம் இல்லை. படங்கு வாங்கப் பணமில்லை. வீட்டு வாசலில் தார் வீதி நல்ல வெயிலில் கிடக்கின்றது. அவர் வேறு என்ன செய்வார்?

ஆயினும் அந்த நெல்லில் வழுக்கி விழுவதும் இன்னொரு ஏழை விவசாயியே. ஏழையின் நெல்லுக்கும் ஏழையின் தலைக்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி எம்மை நிறுத்தியிருப்பது களம் இல்லாத குறையே. கட்டடங்களும் வளைவுகளும் பெயர்ப்பலகைகளும் கட்டுவதற்கு நிதி தேடும் நாம், நாற்பது குடும்பங்களுக்கு ஒரு சீமெந்துக் களம் கட்ட ஏன் தேடவில்லை? மாலையில் பிள்ளைகள் விளையாடவும், கூட்டம் நடத்தவும், அறுவடையில் நெல் காயவும் உதவும் களம் அது. எமது கருத்தில் வீதிப் பாதுகாப்பு வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

களம் வரும்வரை ஊரே சில ஒழுங்குகளைச் செய்துகொள்ளலாம். வளைவிலும் மதகிலும் பாலத்திலும் நெல் போடுவதில்லை. வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் போடுவது. இரு முனையிலும் தூரத்திலேயே தெரியும்படி கொடியோ கிளையோ நடுவது. பொழுதுபட முன் நெல்லை அள்ளுவதோடு, காவலுக்கு வைத்த கற்களையும் கட்டைகளையும் அகற்றுவது. நெல்லை அள்ளி விட்டுக் கல்லை விட்டுப் போகின்றோம். இரவில் வருபவர் அந்தக் கல்லிலேயே மோதுகின்றார்.

ஒரு வீட்டில் ஒரு கவசம்

தலைக்கவசம் பற்றிப் பேசும்போது பலர் பொலிசாரைப் பற்றியே பேசுகின்றனர். தண்டப்பணத்துக்குப் பயந்து சந்திக்கு முன் போடுவதும், சந்தி கடந்ததும் கழற்றிக் கைபிடியில் கொழுவுவதும் எமது ஊர்களில் தினக் காட்சி. மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் பற்றிப் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதத்தாலும், தலைக் காயத்தின் அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதத்தாலும் குறைப்பதாகக் காட்டியது. நாடாப் பூட்டப்படாத கவசம் தலை நிலத்தைத் தொடுமுன்பே பறந்துவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும். மாரியில் சுவரில் தொங்கிய கவசத்தின் உட்பஞ்சு பூஞ்சணம் பிடித்துத் தளர்ந்திருக்கலாம். அதனையும் பார்க்க வேண்டும்.

பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்பதே இந்நாட்டுச் சட்டம். பின்னால் அமர்பவர் யார்? பெரும்பாலும் மனைவி, தாய், மகள். வீட்டில் ஒரு கவசம் இருந்தால் அது ஆணுடையது. இரண்டாவது கவசத்துக்குப் பணம் இல்லை என்கின்றோம். பெண்களின் உரிமை பற்றி வருடாவருடம் மார்ச் மாதத்தில் கருத்தரங்கு வைக்கும் நிறுவனங்கள், தமது பயனாளியான பெண் வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிளில் ஏறி அக்கருத்தரங்குக்கு வருவதைக் கண்டும் காணாமல் இருக்கின்றோம். சேலைத் தலைப்பும் சுடிதார்ச் சால்வையும் பின் சில்லில் சிக்குவதும் இதே அலட்சியத்தின் பகுதியாகும். ஒரு சேலைக் காப்பு வலையின் விலை என்ன?

விதி என்று சொல்லலாமா?

"வாறது வந்துதான் தீரும்" என்று எமது மக்கள் சொல்வதுண்டு. விசுவாசிகளாகிய நாமும் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிடுகின்றோம். உபாகமப் புத்தகத்தின் 22 ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுவோருக்கு ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவர் மொட்டை மாடியைச் சுற்றிக் கைபிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவராவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வராதிருக்கவே அது. விழுபவரின் விதி என்று வேதம் விட்டுவிடவில்லை. சுவர் கட்டாதவரையே அது கேட்கின்றது. கடனுக்கு மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கவசத்தைக் கொடுக்காதவர் கைபிடிச் சுவரில்லாத வீட்டைக் கட்டியவரே. அந்த வரிசையில் நாமும் நிற்கின்றோம்.

செலவு அதிகம் என்ற மறுப்பையும் புறக்கணிக்க முடியாது. விலைவாசி உயர்ந்திருக்கும் இந்நாட்களில் ஒரு சோடி ரயர் வாங்குவது கூலித் தொழிலாளிக்கு இலகுவல்ல. அதனாலேயே இது தனி மனிதரின் பொறுப்பாக மட்டும் விடப்படக் கூடாது என்கின்றோம்.

நாம் முன்வைப்பது

முதலாவதாக, விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க ஒரு நாளை ஒதுக்குவது போல, அறுவடைக்கு முன் ஒரு நாளைக் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்காக ஒதுக்கலாம். உள்ளூர் கராஜ்காரர் இருவரை ஒரு நாட் கூலிக்கு அமர்த்துங்கள். கிரீஸ், செயின் எண்ணெய், பிறேக் கேபிள், பல்ப் ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஒவ்வொரு வண்டியும் பிறேக், ரயர், விளக்கு ஆகிய மூன்றிலும் தேறிய பின்பே வீட்டுக்குப் போக வேண்டும். அன்றே வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் மாரியில் காலாவதியாகிவிட்டனவா என்றும் பாருங்கள். காப்புறுதியில்லாத வண்டி மோதினால் அடிபட்ட குடும்பத்துக்கு நட்ட ஈடு பெறுவதும் கடினமாகும்.

இரண்டாவதாக, அன்று மாலை இளைஞர்கள் வீதியோரம் நடந்து அரிந்த கரைகளையும் புதிய குழிகளையும் குறித்துக்கொண்டு, பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை ஆபத்தான இடத்தில் வெள்ளை பூசிய கட்டை ஒன்றையாவது நட வேண்டும்.

மூன்றாவதாக, விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே சொல்லிக் கொடுக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். 2018 ஜூலை முதல் இச்சேவை வடக்கிலும் இயங்குகின்றது. கழுத்து அடிபட்டிருக்கக் கூடியவரைத் தூக்கி மடித்து முச்சக்கர வண்டியில் திணிக்காமல், இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அநேக வேளைகளில் உயிரையும் காக்கும், நடக்கும் சக்தியையும் காக்கும்.

நான்காவதாக, எம் போன்ற நிறுவனங்களுக்கு. மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வழங்கும்போது இரண்டு தலைக்கவசமும் சேலைக் காப்பும் கடனின் பகுதியாகவே இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை ரயருக்கும் பிறேக்குக்கும் சிறு கடன் வழங்கும் ஏற்பாட்டைச் செய்வோம். கிராமம் கிராமமாக ஓடும் எமது களப்பணியாளரின் வண்டியை மாதம் ஒரு முறை பரிசோதிப்போம். இரவு ஏழு மணிக்கு முடியும் கூட்டத்தை நான்கு மணிக்கு முடித்து, அவர்களை வெளிச்சத்தில் வீடு அனுப்புவோம்.

மேலே கூறிய சகோதரியின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தோம். அந்த மோட்டார் சைக்கிள் திருத்தப்பட்டு முற்றத்தில் நின்றது. கைபிடியில் இரண்டு கவசங்கள் தொங்கின. மகள் அம்மாவின் நாடாவைப் பூட்டிவிட்டு, விரலை இடையே விட்டு இறுக்கம் சரியா என்று பார்த்தாள். அதன் பின்பே தகப்பன் உதைத்தார். அந்தச் சிறு ஒழுங்கு அவ்வீட்டுக்கு மிகப் பிந்தி வந்தது. மற்ற வீடுகளுக்கு அது முந்தி வர வேண்டும். இவ்வருட வெட்டு மெசின் வயலில் இறங்குமுன், உங்கள் ஊரில் அந்த ஒரு நாளை ஒதுக்குவீர்களா?